நாறினா நாறுதுன்னு எழுது

ஜனவரி 9

சோப்புக் கம்பெனி மேடம் அவர்களுக்கு,

உன் அண்ணன் பொண்டாட்டி எழுதறது. ஆமா, நானேதான். போன்ல என் நம்பரைத் தடுத்து வெச்சிருக்கே. தபால்காரரைத் தடுக்க முடியாதுல்ல? அதான் பேனாவை எடுத்தேன். கிழிச்சுப் போடறதா இருந்தா படிச்சுட்டுக் கிழி.

மூணு வருஷமா நாம பேசல. உன்மேல இருக்கிற கோபத்துல இப்பவும் ஒரு இம்மி குறையல. ஆனா நேத்து காலையில என் செம்பருத்தி பூத்துச்சு. அதுல இருந்து நான் நானா இல்ல. யார்கிட்டயாவது சொல்லலைன்னா மண்டை வெடிச்சுடும். சொன்னாப் புரிஞ்சுக்கற ஆள் இந்த உலகத்துல நீ ஒருத்திதான்ங்கறது என் தலையெழுத்து.

காட்டு வெள்ளையோட மகரந்தத்தை என் பெரிய ஆரஞ்சுப் பூவுல தொட்டு வெச்சு, நூல் கட்டி, காய் பிடிக்குமா பிடிக்குமான்னு எத்தனை வருஷம் பார்த்தோம்! தோட்டத்துச் செம்பருத்திக்கு நிறம் இருக்கு, அளவு இருக்கு, மணம் மட்டும் கிடையாது. அந்தச் சின்னக் காட்டுப் பூவுக்கு லேசா உண்டு. அதைப் பெரிய பூவுக்குள்ள கொண்டுவரணும்னுதானே நான் இருபது வருஷத்துக்கு மேல மண்ணுல கிடக்கேன்? ஒவ்வொரு தடவையும் காய் மஞ்சளாகி உதிர்ந்துடும். கடைசியா ஒரே ஒரு காய் நின்னுச்சு. அதுல இருந்த விதைகள்ல முளைச்சது ஒண்ணே ஒண்ணு. அதுதான்டி நேத்து பூத்துச்சு! பழுத்த பப்பாளியோட உள்பக்க நிறம், நடுவுல வெள்ளை, இதழ் ஓரத்துல கொஞ்சம் சுருக்கம். பார்த்துட்டுக் கத்தினேன் பாரு, எதிர் வீட்டுல யாரோ விழுந்துட்டாங்கன்னு ஓடி வந்தாங்க.

இப்ப கேளு. எனக்கு மூக்கு போயிடுச்சு. போன மழைக்காலத்துல ஒரு காய்ச்சல். அது போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அடுப்புல பால் தீஞ்சு வீடு பூராப் புகை, நான் பக்கத்துலயே நின்னு பூந்தொட்டி கழுவிக்கிட்டிருக்கேன்! டாக்டர் பார்த்துட்டு, "வரலாம், வராமலும் போகலாம்"னார். அதைச் சொல்ல ஒரு டாக்டர் வேணுமா?

அதனால உன் அண்ணனைக் கூப்பிட்டேன். "குனிஞ்சு மோந்து பாருங்க"ன்னேன். லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிக்கிட்டிருந்த மனுஷன், டூல் பையைக் கீழ வெச்சுட்டு வந்து குனிஞ்சார். சட்டுனு மூக்கு சுருங்குச்சு. கண்ணுல தண்ணி. நிமிர்ந்தார். "ஒண்ணும் இல்லம்மா. மணம் எதுவும் இல்ல. டிபன் ஆச்சா?"ன்னார்.

ஒண்ணும் இல்லாததுக்கு யாருடி மூக்கைச் சுருக்குவாங்க?

பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டேன். அவ குனியறதுக்கு முன்னாடியே "ஆஹா, பிரமாதம்"னுட்டா. அவ என் முகத்தைத்தான் மோந்து பார்க்கறா, பூவை இல்ல. இங்க எல்லாரும் நல்லவங்க. எல்லாருக்கும் நான் வருத்தப்படக்கூடாது. இந்த நல்லவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

நீ என்னை ஊர் முன்னாடி தலைகுனிய வெச்சவ. ஆனா நீ பொய் சொல்ல மாட்டே. அதுவும் உன் வேலையே மோந்து பார்க்கறது. வந்து மோந்துட்டு, இருக்கு, இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடு. சாப்பிடக்கூட வேண்டாம்.

ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இதுதான் கடைசி. இந்தச் செடியிலயும் இல்லைன்னா எல்லாத்தையும் பிடுங்கிட்டு, தோட்டத்தைக் கார் நிறுத்தற இடமா விட்டுடலாம்னு உன் அண்ணன்கிட்ட நானே சொல்லிட்டேன். இடத்தைக் கேட்டுக்கிட்டு ஒருத்தர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார். என் முட்டியும் இனிமே குனிய மாட்டேங்குது.

இப்படிக்கு,
அண்ணி


ஜனவரி 17

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது என்று ஆரம்பித்து, ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கேன்னு அந்தத் தாளைக் கசக்கிப் போட்டேன். இது மூணாவது தாள்.

காய்ச்சல் பத்தி அண்ணன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. மாசம் ஒரு தடவை பேசும்போதெல்லாம் "எல்லாரும் சௌக்கியம்"னுதான் சொல்றார். வருத்தமா இருக்கு அண்ணி. மூக்கு போறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு சளி பிடிச்சாலே நான் வேலையில்லாதவ. கம்பெனியில ஒரு ஓரமா உட்கார வெச்சு டீ கொடுப்பாங்க.

நான் அங்க வரமாட்டேன். கோபத்துல சொல்லல. காரணம் இருக்கு, அதை எழுத முடியாது. அன்னைக்கு மலர்க் கண்காட்சியில நான் சொன்னது சரி. அதுக்கு மேல அதைப் பத்திக் கேட்காதீங்க.

ஆனா பூவைப் பத்தி நான் கேட்கணும். பூ எத்தனை மணிக்கு விரிஞ்சுது? அண்ணன் மோந்தது விரிஞ்ச உடனேயா, வெயில் ஏறினதுக்கு அப்புறமா? அந்தச் செடிக்கு என்ன உரம் போட்டீங்க, எப்போ? நீங்க கையில என்ன சோப்பு போடறீங்க? முக்கியமா, உங்களைத் தவிர வேற யார் அந்தப் பூவைத் தொட்டாங்க?

செடி தொட்டியில இருக்குன்னா, பஸ் பார்சல்ல எனக்கு அனுப்புங்க. ஒரே செடின்னு எழுதியிருக்கீங்க, பயமா இருக்கும்னு தெரியும். ஆனா என் வீட்டுல, என் ஜன்னல்ல, என் கண்ணு முன்னாடி அது பூத்தாத்தான் என்னால ஒரு முடிவு சொல்ல முடியும். பேக் பண்றது நீங்களே பண்ணுங்க. வேற யாரும் கிட்டப் போகவேண்டாம். அண்ணன்கூடத் தொடக்கூடாது.

இந்தக் கடைசி வரியை அடிச்சுடலாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். விட்டுட்டேன்.

மூக்கு
(நீங்க வெச்ச பேர்தான். கம்பெனியிலயும் இப்ப எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க.)


ஜனவரி 24

அடியே மூக்கு,

உரம் எதுவும் போடல. சோப்பு வாசனையில்லாத சோப்பு. நீதானே அந்தக் காலத்துல வாங்கிக் கொடுத்துப் பழக்கினே! பூ ஆறரைக்கு விரிஞ்சுது, உன் அண்ணன் ஏழு மணிக்குக் குனிஞ்சார். போதுமா விசாரணை?

அண்ணன் ஏன்டி தொடக்கூடாது? அவர் என்ன, கொள்ளி வெச்சுடுவாரா?

கண்காட்சியைப் பத்திக் கேட்காதேன்னு எழுதறதுக்கு உனக்கு என்ன துணிச்சல்! அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன், கேட்டுக்கோ. காலையில என் மஞ்சள் செம்பருத்தி மணந்துச்சு. அப்ப எனக்கு மூக்கு இருந்துச்சு, நானே மோந்தேன். தொட்டியோட வண்டியில ஏத்திக்கிட்டு நேரா கண்காட்சிக்குப் போனேன். நடுவர்கள் மூணு பேரும் மோந்துட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. கூட்டம் கூடிடுச்சு. லீவுக்கு வந்திருந்த உன்னை நானே பெருமையா முன்னாடி இழுத்துட்டுப் போய், "இவ சோப்புக் கம்பெனியில வாசனை பார்க்கறவ, இவளே சொல்லட்டும்"னேன். நீ ஒரே ஒரு தடவை குனிஞ்சே. "இது பூவோட மணம் இல்ல"ன்னே. ஏன்னு கேட்டாங்க. வாயைத் திறக்கல. பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டே. அதுக்கப்புறம் அந்த மலர்ச் சங்கத்துல என்னைப் பார்த்தா ஆளாளுக்கு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. நான் அன்னைக்குச் சாயங்காலமே அந்தச் செடியை வேரோட பிடுங்கிட்டேன். ஆத்திரத்துல பிடுங்கிட்டு, ஐயோ மணந்த செடியைப் பிடுங்கிட்டேனேன்னு மூணு வருஷமா நெஞ்சுல அடிச்சுக்கறேன்.

பொறாமைன்னுதான் நினைச்சேன். இப்பவும் வேற என்ன நினைக்கறதுன்னு தெரியல. உன் லெட்டரை உன் அண்ணன்கிட்டயே காட்டிக் கேட்கப் போறேன். இதோ வரார்.

மறுநாள் காலை

மறுபடி பேனாவை எடுத்துட்டேன். வர்றது கோபமா சிரிப்பான்னு எனக்கே தெரியல.

அந்த வரியைப் படிச்சதும் மனுஷன் லெட்டரை மடிச்சு என் கையில கொடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டார். பின்னாடியே போனேன். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல குழந்தை மாதிரி உக்காந்திருக்கார். "அது நான்தான்"னார். எது நீங்க? "அந்த மஞ்சள் பூ. தங்கச்சி எனக்குச் சட்டைக்குப் போட ஒரு சின்ன சென்ட் பாட்டில் கொடுத்திருந்தா, நான் போட்டதே இல்ல. அதுல ஒரு சொட்டு, குச்சியில தொட்டு வெச்சேன். நீ அந்த வாரம் பூரா அழுதுக்கிட்டே இருந்தே. ஒரு நாள் காலையில சந்தோஷமா இருக்கட்டும்னு நினைச்சேன். சாயங்காலம் பூ மூடிடும், அதோட போயிடும்னு நினைச்சேன். நீ தொட்டியைத் தூக்கிக்கிட்டுக் கண்காட்சிக்கே போவேன்னு நான் கண்டேனா?"

நான் சத்தம் போட்டுச் சிரிச்சுட்டேன்டி. அப்புறம் டூல் பையைத் தூக்கி எறிஞ்சேன். அவர் மேல இல்ல, சுவர் மேல. அப்புறம் இன்னொண்ணு உரைச்சுது. அந்த மஞ்சள் செடி வெறும் செடி! நான் எதையும் அழிக்கல! மூணு வருஷமா நெஞ்சுல கிடந்த கல்லு, மொட்டை மாடியிலயே விழுந்து போச்சு.

நீ மட்டும் சொல்லியிருந்தா! ஏன்டி சொல்லல? உன்னை எத்தனை பேர்கிட்ட என்னென்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? அதையெல்லாம் நான் இனிமே வீடு வீடாப் போய் எப்படித் திரும்ப வாங்கறது?

செடி நாளைக்கு பஸ் ஏறுது. அஞ்சு மொட்டு இருக்கு. நானே தொட்டியைச் சுத்தி ஈரச்சாக்கு கட்டி, அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு வெச்சிருக்கேன். உன் அண்ணன் பத்தடி தள்ளி நின்னு கையைக் கட்டிக்கிட்டுப் பார்க்கறார். பஸ் டிரைவர்கிட்ட, "உள்ள உயிர் இருக்கு"ன்னேன். "நாயா, பூனையா?"ன்னு கேட்டார்.

அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிட்டாரா! அப்பாடா. மூணு வருஷமா வாய்க்குள்ள ஒரு கூழாங்கல்லை வெச்சுக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு.

ஏன் சொல்லலைன்னு கேட்டீங்க. அந்தப் பூவுல குனிஞ்சதும் எனக்கு என்ன தெரிஞ்சுதுன்னா, அது என் சொந்தச் சரக்கு. கம்பெனிக்காக நான் எட்டு மாசம் கலந்து கலந்து பார்த்து, கடைசியில முதலாளி வேண்டாம்னு ஒதுக்கின மணம். கடையில கிடைக்காது. உலகத்துலயே ரெண்டு பாட்டில்தான். ஒண்ணு என் மேஜையில, இன்னொண்ணு அண்ணன் அலமாரியில. பெத்தவளுக்குத் தன் பிள்ளை அழுகை தெரியாதா?

அந்தக் கூட்டத்துல "இதை என் அண்ணன் தடவியிருக்கார்"னு எப்படிச் சொல்வேன்? மோசடின்னு சங்கத்துல இருந்தே உங்களைத் தூக்கியிருப்பாங்க. அது போகட்டும். உங்களுக்கு என்ன தோணியிருக்கும்? உங்க உழைப்புல என்னைக்காவது ஒரு பலன் வரும்னு கட்டின புருஷனே நம்பலைன்னு தோணியிருக்காதா? என்மேல கோபம் இருந்தா தோட்டம் நடக்கும். அவர்மேல இருந்தா வீடே நடக்காது. அதான் பேசாம வந்துட்டேன். நம்பரைத் தடுத்ததும் அதுக்குத்தான். நீங்க இன்னும் ரெண்டு தடவை திட்டியிருந்தா உளறியிருப்பேன்.

சரி, இப்ப விஷயம். செடி வந்துடுச்சு! டிரைவர் தன் சீட்டுக்குப் பக்கத்துலயே வெச்சுக் கொண்டுவந்திருக்கார். இலை ஒண்ணுகூட ஒடியல. கிழக்கு ஜன்னல்ல வெச்சிருக்கேன். ஆனா அண்ணி, வந்த மூணாம் நாளே ஒரு மொட்டு மஞ்சளாகிக் காம்போட விழுந்துடுச்சு. இன்னைக்கு இன்னொண்ணு. நான் என்ன தப்புப் பண்றேன்? ஆபீஸ்ல இருக்க முடியல. மத்தியானம் சாப்பாட்டுக்குன்னு பொய் சொல்லிட்டு வீட்டுக்கு ஓடி வந்து பார்த்துட்டுப் போறேன். உடனே எழுதுங்க.

மூக்கு


பிப்ரவரி 6

தங்கமே,

பதறாதே. இடம் மாறினா செம்பருத்தி அப்படித்தான் கோவிச்சுக்கும். மொட்டை உதிர்த்துத்தான் கோவத்தைக் காட்டும். நம்ம குடும்பம்தானே!

தொட்டியைத் திருப்பாதே. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுதோ அப்படியே இருக்கட்டும். விரலை மண்ணுல விட்டுப் பாரு, காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. பாசத்துல ஊத்திக் கொன்னுடாதே. ஃபேனுக்கு அடியில வைக்காதே. மொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே, உன்னை எனக்குத் தெரியும். ஓடி ஓடி வராதே, உன் வேலை போயிடப் போகுது.

இங்க உன் அண்ணன் ரொம்ப நல்லவரா நடந்துக்கறார். கேட்காமலே பாத்திரம் தேய்க்கறார். நான் இன்னும் முழுசா மன்னிக்கல, தேய்க்கட்டும். ஆனா அந்தப் பப்பாளி நிறப் பூவைப் பத்தி எத்தனை தடவை குடைஞ்சாலும், "ஒண்ணும் இல்லம்மா, தும்மல் வந்துச்சு"ங்கறார். கண்ணைப் பார்த்துச் சொல்லல. அந்தக் கார்க்காரர் நேத்து வந்து டேப் வெச்சுத் தோட்டத்தை அளந்துட்டுப் போனார். என் பெரிய ஆரஞ்சு நிக்கற இடத்துல ஒரு குச்சி நட்டு, "இங்க ரெண்டு வண்டி நிக்கும்"னார். நான் வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன்.

மூக்கு, ஒண்ணே ஒண்ணு. நான் அழுவேன்னு நினைச்சு எழுதாதே. மணம் இல்லைன்னா இல்லைன்னு எழுது. நாறினா நாறுதுன்னு எழுது. இரக்கப்பட்டு நீயும் ஒரு சொட்டு விட்டேன்னு வை, எனக்குக் கண்டுபிடிக்க வழியே இல்ல. இப்ப நான் கண்ணைக் கட்டிக்கிட்டு உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறேன்.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணி! அண்ணி! அண்ணி!

பூத்துடுச்சு. கடைசி மொட்டு. மத்த நாலும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா உதிர்ந்து, இது ஒண்ணுதான் மிச்சம். முந்தாநாள் சாயங்காலமே நுனியில நிறம் தெரிஞ்சுது. லீவு சொல்லிட்டேன். சோப்பு போடாம குளிச்சேன். தலைக்கு எண்ணெய் வைக்கல. காபி குடிக்கல. பல்லைக்கூட வெறும் உப்புலதான் தேய்ச்சேன். நேத்து காலையில நாற்காலியைப் போட்டுக்கிட்டு முன்னாடி உக்காந்துட்டேன்.

நேராச் சொல்லிடறேன், நீங்க கேட்ட மாதிரியே. நாறுது.

சும்மா இல்ல, பயங்கரமா நாறுது! பூ முழுசா விரிஞ்சு கொஞ்ச நேரம்கூட ஆகல, மாடி வீட்டு ஓனரம்மா கதவைத் தட்டறாங்க. "உங்க வீட்டுல கேஸ் லீக் ஆகுதா?"ன்னு. சிலிண்டரை மூடி, குழாயைத் தடவி, ஜன்னலெல்லாம் திறந்து, ரெகுலேட்டரைக் கழட்டியே போட்டுட்டாங்க. "கேஸ் இல்லம்மா, பூ"ன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனாங்க.

அண்ணன் ஏன் மூக்கைச் சுருக்கினார்னு இப்பப் புரியுதா? போன தடவை இல்லாத மணத்தை இருக்குன்னு காட்டினவர், இந்தத் தடவை இருக்கிற நாத்தத்தை இல்லைன்னு மறைச்சிருக்கார். ஒரே மனுஷன், ஒரே காரணம். அவரைத் திருத்த முடியாது அண்ணி.

எனக்கு என் மூக்கு மேலயே சந்தேகம் வந்துடுச்சு. ஆசைப்பட்டுடக் கூடாதே! தொட்டியை அட்டைப்பெட்டியில வெச்சு மூடி, மேல ஒரு ஓட்டை போட்டு, கம்பெனிக்கே தூக்கிட்டுப் போயிட்டேன். உள்ள என்னன்னு சொல்லாம மூணு பேரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். மூணு பேரும் ஒரே மாதிரி பின்னாடி குதிச்சாங்க. ஒருத்தர் "அழுகின வெங்காயம்"னார். ஒருத்தர் "முட்டைக்கோஸ் வேகுது"ன்னார். எங்க தலைமை கெமிஸ்ட், முப்பது வருஷம் சர்வீஸ், "என்னம்மா செத்துப் போச்சு உள்ள?"ன்னார். பெட்டியைத் திறந்து காட்டினேன். செம்பருத்தின்னதும் அவர் நாற்காலியில உக்காந்துட்டார். "செம்பருத்திக்கு ஏதும்மா வாசனை?"ன்னார். "இதுக்கு இருக்கு சார்"னேன். உங்க பேரைச் சொல்லல, "எங்க அண்ணி பண்ணது"ன்னு மட்டும் ஒரு பத்து தடவை சொல்லியிருப்பேன்.

இன்னும் முடியல, கேளுங்க. மத்தியானம் பெட்டியோட வீட்டுக்கு வந்துட்டேன். வெயில் ஏற ஏற நாத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. நாலு மணி வாக்குல இதழ் லேசா உள்ள மடங்க ஆரம்பிச்சுது. அப்ப மறுபடி குனிஞ்சேன். அடியில இன்னொண்ணு இருக்கு! வெள்ளரிக்காயை நறுக்கின உடனே வருமே, அந்தப் பச்சை வாசனை. அதுக்கும் பின்னாடி, காய்ச்சி ஆறின பால் மாதிரி ஒண்ணு. ரொம்ப மெல்லிசு. மூச்சை வேகமா இழுத்தா ஓடிப்போயிடும். அரை மணி நேரம் இருந்துச்சு. அப்புறம் பூ மூடிடுச்சு.

நான் ஒரு நாளைக்கு நாற்பது சோப்பு மோந்து பார்க்கறவ. ஒரு மணத்தைப் பார்த்து நான் அழுதது இதுதான் முதல் தடவை.

நான் இரக்கப்படல. ஒரு சொட்டும் விடல. சத்தியம்.

செடியைப் பத்திரமா திருப்பி அனுப்பறேன். அதே டிரைவர்தான். "பூனையை ஊருக்கு அனுப்பறீங்களா?"ன்னு கேட்டார்.

மூக்கு


பிப்ரவரி 23

என் கண்ணே,

நாறுதா!!! நாறட்டும்டி! நாறட்டும்! மணம்னா மணம், நாத்தம்னா நாத்தம், காத்துல ஏதோ ஒண்ணு கிளம்பி வருதுல்ல! இல்லாததை நான் உண்டாக்க முடியாது. ஆனா கெட்டதை வடிகட்ட எனக்குத் தெரியும். நாத்தத்தைக் கழிச்சு வெள்ளரிக்காயை மட்டும் நிறுத்த ஒரு பத்து வருஷம் ஆகுமா? ஆகட்டுமே! எனக்கு என்ன வேற வேலை?

கார்க்காரருக்குப் போன் போட்டு, "இங்க வண்டி நிக்காது, பூ நிக்கும்"னு சொல்லிட்டேன். மனுஷனுக்கு ஒண்ணும் புரியல. அவர் நட்ட குச்சியைப் பிடுங்கி அடுப்புல வெச்சுட்டேன். முட்டி வலிக்குதான்னு உன் அண்ணன் கேட்டார். எந்த முட்டின்னேன்.

அதுவும் இந்தப் பூவோட காலையில இருந்து உக்காந்து வேலை பார்க்கற தைரியம் வேற எந்தப் பைத்தியத்துக்கு இருக்கு? எல்லாரும் ஓடிடுவாங்க. எனக்குத்தான் மூக்கு இல்லையே!

பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பறேன். மத்ததெல்லாம் அப்புறம்.


ஏப்ரல் 14

அன்புள்ள மூக்குக்கு,

செடி வந்து ஒரு மாசத்துக்கு மேல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னுச்சு. ஒரு மொட்டு நிக்கல. நான் சாப்பிடல, உன் அண்ணன் சாப்பிடல. இன்னைக்குத்தான் பூத்துச்சு, ரெண்டு பூ. ஒண்ணுல மகரந்தம் எடுத்துப் பெரிய ஆரஞ்சுல வெச்சுக் கட்டிட்டேன். இன்னொண்ணைத் தொடாம விட்டு வெச்சேன், சாயங்காலத்துக்காக.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் லெட்டர் வந்த அன்னைக்கே நான் ஒரு வெள்ளரிக்காய் வாங்கி வந்து நறுக்கி மூக்குக்குக் கிட்ட வெச்சுப் பார்த்தேன். எதுவும் வரல. அந்த வாசனை எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். அதுவும் வரல. மறந்தே போச்சு. இத்தனை வருஷம் இதுக்குத்தானே உக்காந்திருந்தோம்னு அடுப்படியில நின்னு கொஞ்சம் அழுதேன். உன் அண்ணன் வந்து அந்தத் துண்டை எடுத்து மோந்தார். மறுபடி ஒரு தடவை மோந்துட்டு, "இது அந்தப் பூவுல இருந்துச்சும்மா"ன்னார்.

"எப்போ?"ன்னேன்.

"முதல் தடவை பூத்தப்போ. சாயங்காலம் வேலையில இருந்து வந்து, நீ பார்க்காதப்போ மறுபடி மோந்து பார்த்தேன். இதே வாசனை."

"ஏன்யா சொல்லல?"

"உனக்காக ஆசைப்பட்டு மோந்தா எனக்கு எல்லாமே மணக்குது. என் மூக்கை நானே நம்பல. நீ எப்படி நம்புவே?"

பாத்திரம் தேய்க்கறதை அன்னைக்கோட நிறுத்தச் சொல்லிட்டேன்.

இப்ப மணி மூணரை இருக்கும். தோட்டத்துல உக்காந்து, மடியில அட்டை வெச்சு எழுதறேன். உன் அண்ணன் பூவுக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு உக்காந்திருக்கார். லிஃப்ட் எங்கயோ பாதியில நின்னுடுச்சுன்னு போன் மேல போன் வருது, எடுக்கல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிஞ்சு மோந்து சொல்றார். பொய் சொன்னா உன்னை வரவழைச்சுடுவேன்னு மிரட்டி வெச்சிருக்கேன்.

"நாறுது"ன்னார்.

"இப்பவும் நாறுது. கொஞ்சம் கம்மி."

"இப்ப ஒண்ணும் இல்ல. நிஜமாவே இல்ல."

இதழ் ஓரம் மடங்க ஆரம்பிச்சிருக்கு. அவர் குனிஞ்சார். நிமிரல. என் கையைத் தேடிப் பிடிச்சுக்கிட்டார். "வந்துடுச்சும்மா"ன்னார்.

நம்பிட்டேன்டி.

இதோட நிறுத்தறேன், அரை மணி நேரம்தானே இருக்கும்.

அண்ணி